சந்தேகத்துக்கு எண் கிடையாது

ஆறு மாதத்துக்கு முன்னால் ஷபீனாவின் முகவாயில் ஒரு முடி முளைத்தது. பிடுங்கினாள். இரண்டு முளைத்தன. இந்தக் கதையில் இதுவரை நடந்ததை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

விவரம் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம். முடி முகவாயோடு நிற்கவில்லை. மேலுதட்டுக்கு ஏறியது, கழுத்துக்கு இறங்கியது. தன்னை யாருக்கும் தெரியாத மேடவாக்கம் கடை ஒன்றில் ஷபீனா ஒரு ரேசர் வாங்கினாள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் தினமும் ஷேவ் செய்தாள். காலையில் வழித்தது சாயங்காலம் கைக்குச் சொரசொரத்தது. குரலும் தடித்திருந்தது. சளி என்று வீட்டில் சொல்லி வைத்தாள். நாலு மாதமாக ஒரே சளி.

இதற்கு நடுவில் கல்யாணமும் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை பர்வேஸ், கேளம்பாக்கத்தில் டீம் லீடர். அவருக்குக் கீழே இருக்க வேண்டிய டீமைக் கம்பெனி இன்னும் வேலைக்கு எடுக்கவில்லை, அவ்வளவுதான். நிச்சயதார்த்தம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இன்னும் எட்டே நாள்.

போன வாரம் ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு ஒரு லேடி டாக்டரிடம் தனியாகப் போனாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "ஆறே மாசத்துலயா இவ்வளவும்?" என்று இரண்டு தடவை கேட்டார். ஒரே கேள்வியை டாக்டர் இரண்டு தடவை கேட்டால் பதில் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிறகு சீட்டில் இரண்டு வரி எழுதினார். முதல் வரி, பெண்களுக்கு அளவுக்கு மீறி முடி வளர்வதற்கு உள்ள ஆங்கிலப் பெயர். இரண்டாவது வரி: கட்டி இருக்கிறதா என்று பார்க்கவும். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஸ்கேன்.

இன்று சனிக்கிழமை.

ஷபீனாவின் வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்க டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றி எழுதியதைப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏசி அறையில் உட்கார்ந்து படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அதற்கான எண்ணைப் போட வேண்டும். எண் சரியாகப் போனால்தான் அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் பைப்பும் தண்ணீர்த் தொட்டியும் விற்கும் அவள் அத்தா ஹாஜா மைதீன் இதை வேறு மாதிரி சொல்வார். "அமெரிக்கா டாக்டருங்க தப்புத் தப்பா எழுதறாங்க. எங்க பொண்ணுதான் திருத்தி அனுப்பறா." அவருடைய விசிட்டிங் கார்டில் 'மைதீன் குரூப் ஆஃப் கம்பெனீஸ்' என்று இருக்கும். ஒரு கடை, ஒரு டெம்போ. இரண்டு சேர்ந்தால் குரூப்தானே.

பெண்களின் முடிக்கு எண் 704.1. மூன்று வருஷத்தில் அந்த எண்ணை ஷபீனா எத்தனையோ நூறு முறை தட்டியிருக்கிறாள். ஒரு நோயாளிக்கு மூன்று நிமிஷம். தட்டிவிட்டு கேன்டீனுக்கு டீ குடிக்கப் போயிருக்கிறாள். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு முகவாய் இருக்கும், அதைக் கையால் மூடிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

டிரெய்னிங்கில் பத்ரிநாராயணன் என்றொருவர் பாடம் எடுத்தார். சித்திரை வெயிலிலும் டை கட்டுகிறவர். கண்களை மூடிக்கொண்டு, அருள் வந்தவர் போல விதிகளைச் சொல்வார். "இருக்கலாம், சந்தேகப்படுகிறோம், இல்லைன்னு உறுதி பண்ணணும், இப்படியெல்லாம் டாக்டர் எழுதினா நமக்கு அது கிடையவே கிடையாது. கண்ணுக்குத் தெரியற அறிகுறிக்குத்தான் எண். சந்தேகத்துக்கு எண் கிடையாது."

ஷபீனா தனக்குத் தானே கோடிங் செய்துகொண்டாள். முதல் வரிக்கு எண் இருக்கிறது. இரண்டாவது வரிக்குக் கிடையாது. ஆகவே இரண்டாவது வரி இல்லை. ஒரு வாரமாக இதைத்தான் துஆ மாதிரி உள்ளுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள்.

"ஷபீ, இது என்ன நம்பர்?"

அம்மா குல்ஷன், சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டருக்கு முன்னால் கரண்டியோடு நின்றாள். அத்தாவின் கடைக் காலண்டர். அந்த வீட்டில் காலண்டரில் எழுதாத நாளெல்லாம் அம்மாவுக்குச் சொந்தம்; கூப்பிட்டால் கல்யாண ஜவுளிக்குப் போயாக வேண்டும். அதற்குப் பயந்து, சனிக்கிழமைக் கட்டத்தில் ஷபீனா '704.1, மணி 11' என்று எழுதி வைத்திருந்தாள். எழுத்தில் எழுதியிருந்தால் யாராவது படிப்பார்கள். எண்ணை யார் படிக்கப் போகிறார்கள்? கோடருக்கு மட்டுமே வரக்கூடிய தைரியம் அது.

"ஆபீஸ் டார்கெட்மா. இன்னிக்கு ஒரு மீட்டிங். மதியம் வந்துடுவேன்."

"டார்கெட்டா?" என்று ஹாலிலிருந்து அத்தாவின் குரல் வந்தது. "எவ்வளவு?"

"எழுநூத்தி நாலு பாயின்ட் ஒண்ணாம்" என்றாள் அம்மா.

"மாஷா அல்லாஹ்!" என்றார் ஹாஜா மைதீன்.

கேம்ப் ரோடு பக்கம் அந்த ஸ்கேன் சென்டர். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உட்காரச் சொன்னார்கள். சுற்றிலும் கர்ப்பிணிகள், பக்கத்திலேயே அவர்களுடைய மாமியார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உரக்கக் கேட்டாள். "இது என்ன கேஸ்மா? இந்த ஸ்பெல்லிங் நான் பார்த்ததே இல்லையே."

"தோல் சம்பந்தமா" என்றாள் ஷபீனா. தடித்த குரலில். ஒரு மாமியார் திரும்பிப் பார்த்தாள்.

போன் அடித்தது. அம்மா.

"ஷபீ, அவங்க நாலு மணிக்கு வர்றதா இருந்தாங்கல்ல? பன்னண்டுக்கே வர்றாங்களாம். வளையல் அளவு எடுக்க. பர்வேஸோட அக்கா ஷாயிஸ்தாவும் வர்றாளாம்."

"சரிம்மா."

"அவளும் உன் வேலைதானாம். போன மாசம் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கா. அவங்க அம்மா கோர்ஸ் பேரை ஒவ்வொரு எழுத்தா சொல்றாங்க, நான் கேட்டேனா?"

எண்ணைப் படிக்கத் தெரிந்த ஒருத்தி, அந்தக் காலண்டர் இருக்கும் வீட்டுக்கே வருகிறாள்.

"அம்மா, அந்தக் காலண்டரைக் கழட்டி பீரோல வை."

"எதுக்குடி?"

"சும்மா. அழுக்கா இருக்கு."

"அதையா? அது உங்க அத்தா கையில இருக்கு. கடைப் பையனுங்களுக்கெல்லாம் போன் போட்டு உன் டார்கெட்டைச் சொல்லிக்கிட்டிருக்காரு."

"அம்மா, ப்ளீஸ்..."

"ஷபீனா யாரு?" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

ஜெல் சில்லென்றிருந்தது. ஸ்கேன் டாக்டர் கலகலப்பான மனிதர். தாம்பரம் சப்வேயில் தண்ணீர் தேங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டே கருவியை வயிற்றில் நகர்த்தினார். வலது பக்கம் வரை பேசினார். இடது பக்கம் வந்ததும் பேச்சு நின்றது.

சப்வேயில் தண்ணீர் வடிந்ததா இல்லையா என்று ஷபீனாவுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

"கொஞ்சம் இரும்மா." வெளியே போய் இன்னொரு டாக்டரைக் கூட்டிவந்தார். இரண்டு தலைகள் திரைக்குள் குனிந்தன. கருவி அதே இடத்தில் நின்று அழுத்தியது.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல சார்."

"ம்" என்றார் புதிதாக வந்தவர். அந்த 'ம்'முக்கு எந்தப் புத்தகத்திலும் எண் கிடையாது.

அரை மணி கழித்து ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார்கள். "உங்க டாக்டர்கிட்ட நானே பேசிட்டேன். அவங்க கூப்பிடுவாங்க. தள்ளிப் போடாதீங்கம்மா" என்றார் ஸ்கேன் டாக்டர். முதலில் இருந்த கலகலப்பு அந்தக் குரலில் இல்லை.

ஷபீனா உறையைப் பிரிக்கவில்லை. பிரிக்காத வரை உறுதியாகவில்லை. உறுதியாகாத வரை எண் இல்லை. எண் இல்லாத வரை...  உறையை ஹேண்ட்பேக்கின் அடியில் திணித்தாள்.

ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே ஆறு பேர். "குந்துக்கா, இன்னும் ஒரு ஆளுக்கு எடம் கீது" என்றார் டிரைவர். இடம் எங்கே என்று யாருக்கும் புலப்படவில்லை. ஷபீனா ஏறிக்கொண்டாள். துப்பட்டாவை இழுத்து முகவாயை மூடினாள். ரயில்வே ஸ்டேஷன் கிழக்கில் இறங்கி, படியேறி, மேற்குப் பக்கம் இறங்கும்போது மணி பன்னிரண்டே கால். கடைசிப் படியில் கால் இடறியது. விழவில்லை. விழுந்து அடிபட்டிருந்தால் அதற்கு ஒரு எண் இருக்கிறது, அதற்கு யாரும் பயப்பட மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு வந்து போனது.

வாசலில் இரண்டு ஜோடி புதுச் செருப்பு.

ஹாலில் பர்வேஸின் அம்மா சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தார். கோவிலம்பாக்கத்தில் அவர்கள் வீட்டை 'பங்களா' என்றுதான் சொல்வார்; மொட்டை மாடியில் தகர ஷெட் போட்ட நாளிலிருந்து அது பங்களா. பக்கத்தில் ஷாயிஸ்தா. முப்பது வயது, கண்ணாடி, ஒன்றையும் தவறவிடாத பார்வை. எதிரே ஹாஜா மைதீன். அவர் மடியில் காலண்டர்.

"வாம்மா வா! உன் கதைதான் ஓடிக்கிட்டிருக்கு" என்றார் அத்தா. "சம்பந்தியம்மா, பாருங்க. எழுநூத்தி நாலு பாயின்ட் ஒண்ணு! அந்த பாயின்ட் ஒண்ணைக்கூட விட மாட்டா எங்க பொண்ணு. சனிக்கிழமைன்னு லீவு இருந்தும் பதினொரு மணிக்கு மீட்டிங் வெச்சுட்டாங்க. அவ்வளவு டிமாண்ட்."

விரலால் கட்டத்தைத் தட்டிக் காட்டினார். ஷாயிஸ்தா எட்டிப் பார்த்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் பார்த்தாள்.

பிறகு நிமிர்ந்து ஷபீனாவின் முகவாயைப் பார்த்தாள்.

"எங்க ஷாயிஸ்தாவும் குறைச்சல் இல்லைங்க" என்றார் பர்வேஸின் அம்மா, பங்களாக் குரலில். "சொல்லுடி, உன் டார்கெட் எவ்வளவு?"

ஷாயிஸ்தாவின் கண் மறுபடியும் அந்தக் கட்டத்துக்குப் போனது.

"சொல்லேன். எண்ணூறு இருக்குமா?"

"எனக்கு இது இல்லம்மா" என்றாள் ஷாயிஸ்தா மெதுவாக.

பர்வேஸின் அம்மாவின் முகம் வாடியது. ஹாஜா மைதீன் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மகளுடைய நோயைக் காட்டிச் சம்பந்தி வீட்டை ஜெயித்த முதல் தகப்பன் அநேகமாக அவராகத்தான் இருக்கும்.

"பரவாயில்லை, போகப் போக வந்துடும்" என்று ஷாயிஸ்தாவுக்கு ஆறுதல் வேறு சொன்னார்.

ஷபீனா நின்ற இடத்திலேயே நின்றாள். தரை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

"தாகமா இருக்கு" என்று எழுந்தாள் ஷாயிஸ்தா. "ஷபீனா, கிச்சன் எங்கே? நீ வந்து காட்டு."

சமையலறைக்குள் போனதும் ஷாயிஸ்தா தண்ணீர் கேட்கவில்லை.

"யாருக்கு?"

"என்ன அக்கா?"

"செவன் நாட் ஃபோர் பாயின்ட் ஒன். யாருக்கு?"

"ஆபீஸ்ல ஒரு பேஷன்ட் சார்ட்..."

"ஆபீஸ் சார்ட்டை எவளாவது வீட்டுக் காலண்டர்ல எழுதுவாளா? பக்கத்துல டைம் வேற. நான் மூணு தடவை எழுதி பாஸ் பண்ணவ, ஷபீனா. ரெண்டு தடவை ஃபெயிலானதால சிலபஸ் எனக்கு உன்னைவிட நல்லாத் தெரியும்."

ஷபீனாவின் கை தானாக முகவாய்க்குப் போனது.

"கையை எடு. எனக்கும்தான் மீசை இருக்கு. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை த்ரெடிங். அதுக்கு யாரும் காலண்டர்ல நம்பர் போட்டுப் பயந்து சாகறதில்ல." ஷாயிஸ்தா குரலை இறக்கினாள். "சீட்டுல ரெண்டாவது வரி என்ன?"

"ரெண்டாவது வரிக்கு... எண் கிடையாதுக்கா."

"என்ன?"

"இருக்கான்னு பார்க்கச் சொல்லித்தான் எழுதியிருக்காங்க. சந்தேகத்துக்கு எண் கிடையாது. ரூல்."

 ஷாயிஸ்தா சிரிப்பாள் என்றுதான் ஷபீனா நினைத்தாள். சிரிக்கவில்லை.

"அடிப் பாவி. அது இன்சூரன்ஸ்காரனுக்கு பில் அனுப்பறதுக்குப் போட்ட ரூல். உன் உடம்புக்கு யாருடி ரூல் போட்டது? ஸ்கேன் ரிப்போர்ட் எங்கே?"

"பிரிக்கலக்கா. நிச்சயம் முடியட்டும்னு..."

"குடு."

உறையைக் கிழித்தாள். கோடர்கள் எந்த ரிப்போர்ட்டையும் முதலிலிருந்து படிப்பதில்லை. கடைசிப் பாராவுக்குப் போய்விடுவார்கள், முடிவு அங்கேதான் இருக்கும். ஷாயிஸ்தாவும் அங்கேதான் போனாள். ஆனால் அங்கிருந்து திரும்ப வரவில்லை. ஒரு நோயாளிக்கு மூன்று நிமிஷம் என்றால் அந்த மூன்று நிமிஷமும் ஓடியிருக்கும்.

"கோட் என்னக்கா?" என்றாள் ஷபீனா.

"கோட்ல கேக்காதே. தமிழ்ல சொல்றேன்."

"வேண்டாம்க்கா. கோட் மட்டும் சொல்லுங்க. நானே புரிஞ்சுக்கறேன்."

"புரிஞ்சுக்க மாட்டே. தட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவே. நானும் அப்படித்தான்." ஷாயிஸ்தா காகிதத்தை மடித்தாள். "இடது பக்க சினைப்பையில ஒரு கட்டி. நாலரை சென்டிமீட்டர். என்ன மாதிரிக் கட்டின்னு ஸ்கேன்ல தெரியாது. எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

கட்டி. நேற்று வரை எண் இல்லாத ஒரு வரியாகச் சீட்டில் இருந்தது, இப்போது இடது பக்கம், தன் சுடிதாருக்கு உள்ளே, நாலரை சென்டிமீட்டர் நீளத்துக்கு உட்கார்ந்திருந்தது. ஷபீனா அந்த இடத்தைத் தொடப் பயந்து கையை அந்தரத்திலேயே வைத்திருந்தாள்.

பாத்திரம் ஒன்று மேடையில் இடித்தது. குல்ஷன் பின்னால் நின்றிருந்தாள், கையில் காலித் தட்டோடு.

"அம்மா..."

"முடி எனக்குத் தெரியும்" என்றாள் குல்ஷன். அவள் குரல் வழக்கமான இடத்திலிருந்து வரவில்லை. "நோன்புக்கு முன்னாடியே தெரியும். காலையில அவ்வளவு நேரம் யாருடி குழாயைத் திறந்து விடுவாங்க? அதனாலதான் அடுத்த வருஷம்னு இருந்த நிச்சயத்தை இப்பவே வைங்கன்னு உங்க அத்தாவை நச்சரிச்சேன். முடிதானே, எவனும் பார்க்கறதுக்கு முன்னாடி முடிச்சுடலாம்னு நெனச்சேன்." தட்டை வைத்தாள். வைத்த தட்டையே மறுபடி எடுத்தாள். "கட்டின்னு தெரியாதும்மா. அல்லா மேல ஆணையா தெரியாது."

"அழாதீங்க மாமி. ஹால்ல கேக்கும்" என்றாள் ஷாயிஸ்தா.

குல்ஷன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னைக் கையெடுத்துக் கேக்கறேன். எட்டு நாள். நிச்சயம் மட்டும் முடியட்டும். அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கு வேணாலும் கூட்டிட்டுப் போறேன். இப்ப வெளியே தெரிஞ்சா அவளை எவனும் கட்ட மாட்டான்."

"எட்டு நாள்ல அது என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்?"

"அப்படிச் சொல்லாதேம்மா."

"உங்க மேலயோ இவ மேலயோ பாசம் பொங்குதுன்னு நெனச்சுடாதீங்க. இவளை நான் ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன்." ஷாயிஸ்தா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு என் தம்பி என்னைக் கேப்பான். நீயும் கோடர்தானே, படிச்சும் ஏன் சும்மா இருந்தேன்னு. அவனுக்கு என்ன பதில் சொல்றது?"

ஹாலில் ஹாஜா மைதீன் தண்ணீர்த் தொட்டியின் அடுக்குகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். மூன்று அடுக்கு, உள்ளே எது புகுந்தாலும் தாங்கும்.

ஷபீனாவின் போன் அடித்தது. எடுத்தாள். டாக்டரின் கிளினிக் நர்ஸ். அமைதியான சமையலறையில் அந்தக் குரல் மூன்று பேருக்கும் கேட்டது.

"ஷபீனாவா? ஸ்கேன் சென்டர்லருந்து மேடத்துக்குப் பேசிட்டாங்க. திங்கட்கிழமை காலையில அட்மிஷன், செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். மேடம் தள்ள வேண்டாம்னுட்டாங்க. நான் இப்ப ஆஸ்பத்திரிக்கு ஃபார்ம் அனுப்பணும். கூட யார் வர்றாங்க? கையெழுத்துப் போட வீட்டு ஆள் ஒருத்தர் வேணும். பேரு, உறவு சொல்லுங்க."

ஷபீனா அம்மாவைப் பார்த்தாள்.

குல்ஷனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்கள் ஹால் பக்கமே போய்ப் போய் வந்தன. ஒரு பெயர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெயரைச் சொன்ன நிமிஷத்தில் எட்டு நாள் கணக்கு முடிந்துவிடும்.

"ஹலோ? இருக்கீங்களா? ஒரு பெட்தான்மா இருக்கு. ஆள் இல்லைன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்."

ஷாயிஸ்தா போனை வாங்கினாள்.

"எழுதிக்குங்க. பேரு ஷாயிஸ்தா."

"உறவு?"

 ஷாயிஸ்தா ஷபீனாவைப் பார்த்தாள், துப்பட்டா விலகிய முகவாயை, அதில் காலையில் வழித்தும் மதியத்துக்குள் எட்டிப் பார்த்த கறுப்பை.

"நாத்தனார்" என்றாள்.

மறுமுனையில் காகிதம் புரண்டது. "பேஷன்ட் அன்மேரீட்னு போட்டிருக்கே மேடம்?"

"அதை நாங்க அப்புறம் சரி பண்ணிக்கறோம். நீங்க நாத்தனார்னே எழுதுங்க."

குல்ஷனின் கையிலிருந்த தட்டு இந்த முறை நிஜமாகவே விழுந்தது. சுற்றிச் சுற்றி வந்து அடங்கியது. அது அடங்கியபோது ஹாலிலும் பேச்சு அடங்கியிருந்தது.

"யாருக்குடி நாத்தனாரு? எந்த ஆஸ்பத்திரி?"

வாசற்படியில் பர்வேஸின் அம்மா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவர் தோளுக்கு மேலே அத்தாவின் முகம், இன்னும் முழுதாக அணையாத சிரிப்போடு.

"ஒண்ணுமில்ல சம்பந்தியம்மா" என்று குல்ஷன் ஆரம்பித்தாள். "ஆபீஸ் விஷயமா..."

ஷபீனாவின் கை மறுபடி முகவாய்க்குப் போயிருந்தது.  அம்மா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அது காதில் விழவில்லை. ஷபீனா கையை முகவாயிலிருந்து எடுத்து மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இரண்டையும் ஒரே கையால் செய்ய முடியாது.

"எனக்குத்தான் மாமி" என்றாள். தடித்த குரல், அவளுக்கே வேறு யாரோ பேசுவது போல் இருந்தது. "எனக்கு உடம்பு சரியில்ல. உட்காருங்க, சொல்றேன்."

பர்வேஸின் அம்மா உட்காரவில்லை.